தீவின் வரைபடம் தொலைந்தபோது: கற்பனை உலகம் படைப்போருக்கு ஒரு திறந்த மடல்

இல்லாத நாடுகளையும் இருந்து மறைந்த காலங்களையும் நாவலாக எழுதத் தொடங்கியிருக்கும் இளம் எழுத்தாளர்களுக்கு,

உங்களில் பலரிடம் இப்போது ஒரு தடித்த நோட்டு இருக்கிறது. அரச பரம்பரை, ஆறுகளின் பெயர், திருவிழா, நாணயம், போர் நடந்த ஆண்டு என்று அதில் எல்லாம் உண்டு. நோட்டில் அடங்காதது கைபேசியில் கிடக்கிறது: தனக்குத்தானே அனுப்பிக்கொண்ட வாட்ஸாப் செய்தியாக, காகிதத் துண்டைப் பிடித்த படமாக, நள்ளிரவில் பதிந்த குரலாக. நாவலோ மூன்றாவது அத்தியாயத்தில் நிற்கிறது. அந்தக் குறிப்புகளை எப்படி அடுக்குவது, எந்தக் கட்டத்தில் மூடிவைத்துவிட்டு எழுதப் போவது என்பதைப் பற்றியதே இம்மடல். இந்த வேலையைச் செய்து பார்த்த பெரிய எழுத்தாளர்கள் பலர் தங்கள் காகிதங்களை விட்டுப் போயிருக்கிறார்கள். அவற்றில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

1881ஆம் ஆண்டு. ஸ்காட்லாந்தின் பிரேமார் கிராமத்தில் ஆர். எல். ஸ்டீவன்சனின் குடும்பம் விடுமுறைக்குத் தங்கியிருந்தது. வெளியே மழை. வீட்டுக்குள் அடைந்துகிடந்த பதின்மூன்று வயதுச் சிறுவன் லாயிட் ஆஸ்போர்ன், அவருடைய மனைவியின் முதல் மணத்து மகன், வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். ஸ்டீவன்சனும் கூட உட்கார்ந்து ஒரு தீவை வரைந்தார். துறைகளும் குன்றுகளும் காடுகளும் கொண்ட அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க, மரங்களுக்கு நடுவே ஆட்கள் நடமாடத் தொடங்கினார்கள் என்று அவர் பின்னாளில் எழுதினார். பதினைந்து நாளில் பதினைந்து அத்தியாயங்கள் வந்தன. அதன்பின் கை நின்றுபோய், மிச்சத்தை ஸ்விட்சர்லாந்தின் தாவோஸ் ஊரில் முடித்தார். அதுதான் 'ட்ரெஷர் ஐலண்ட்'.

1883இல் அது புத்தகமாக வரவிருந்தபோது கைப்பிரதியோடு வரைபடத்தையும் பதிப்பகத்துக்கு அனுப்பிவைத்தார். கைப்பிரதி போய்ச் சேர்ந்தது. படம் சேரவில்லை. ஆகவே தான் எழுதிய நாவலைத் தானே மறுபடி எடுத்துவைத்துக்கொண்டு, திசையும் தொலைவும் பேசும் ஒவ்வொரு இடத்தையும் பட்டியலிட்டு, அத்தனைக்கும் பொருந்தும்படி ஒரு புதுப் படத்தைக் கவராயம் பிடித்து வரைய வேண்டியதாயிற்று. அப்பா தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர். அவருடைய அலுவலகத்தில் உருவான புதுப் படத்தில் திமிங்கிலங்களும் பாய்மரக் கப்பல்களும் சேர்ந்தன. கேப்டன் ஃபிளிண்டின் கையெழுத்தை அப்பாவே போட்டுக்கொடுத்தார். இவ்வளவு இருந்தும் அது தன்னுடைய பழைய தீவாகத் தனக்குத் தோன்றவேயில்லை என்று ஸ்டீவன்சன் வருந்தினார்.

அவர் கட்டாயத்தால் செய்ததை நீங்கள் விரும்பிச் செய்யலாம். ஓர் அத்தியாயம் முடிந்ததும், அடுத்ததைத் தொடங்கும் முன், அந்த அத்தியாயம் உங்கள் உலகத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லிவிட்ட செய்திகளை மட்டும் தனித்தாளில் எடுத்தெழுதுங்கள். வடக்கு வாசல் இரவில் பூட்டப்படும். பாட்டிக்கு இடது காது கேட்காது. ஆற்றைக் கடக்க ஓடம்தான், பாலம் கிடையாது. எழுதும் வேகத்தில் பேனா இப்படி நூறு விஷயங்களை முடிவு செய்துவிடுகிறது. இவற்றில் பெரும்பாலானவை நோட்டில் இருந்திருக்காது. பாலம் இல்லை என்பது ஓடக்காரன் பேச்சில் தற்செயலாக விழுந்த வரியாக இருக்கும். இருபது அத்தியாயம் கழித்துக் குதிரைப்படை பாலத்தின் மேல் போகும். வாசகர் ஒருவர் அதைப் பிடித்துவிடுவார். ஆர்தர் கானன் டாயிலின் வாட்சனுக்கு 1887இல் வெளிவந்த முதல் நாவலில் குண்டு பாய்ந்தது தோளில். 1890இல் வந்த இரண்டாவது நாவலில் காலில். ஜான் என்ற அவருடைய பெயரை ஒரு சிறுகதையில் மனைவியே ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறார். இந்த இரண்டு முரண்களைத் தீர்த்துவைக்க ஹோம்ஸ் வாசகர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அத்தியாயத்துக்கு அரைப் பக்கம் என்ற கணக்கில் ஒரு தாள் இருந்திருந்தால் போதும்.

இந்த எடுத்தெழுதும் தாள்தான் உங்கள் குறிப்புகளிலேயே தலையாயது. நாவலுக்கு முன்னால் எழுதிய நோட்டு இதற்கு அடுத்தபடிதான். இரண்டும் முரண்பட்டால் நாவலின் வாக்கியத்துக்கே முதலிடம். வாசகர் கையில் இருப்பது அதுதான்.

ஒரே செய்திக்குப் பல படித்தரங்கள் உண்டு என்பதை ஜே. ஆர். ஆர். டோல்கீன் கதையில் பார்க்கலாம். 1937இல் 'தி ஹாபிட்' வெளிவந்தபோது, கொல்லம் என்ற குகைவாசி புதிர்ப் போட்டியில் தோற்றால் தன் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக ஒப்புக்கொள்கிறான். அப்போது அது வெறும் மாயமோதிரம்தான். பிறகு 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதத் தொடங்கியதும் அதே மோதிரம் உலகையே அழிக்கவல்ல பொருளாக, வைத்திருப்பவர் மனத்தைத் தின்னும் பொருளாக மாறிவிட்டது. அப்படிப்பட்டதை எவன் பரிசாகக் கொடுப்பான்? பழைய அத்தியாயமோ அச்சாகி, விற்று, குழந்தைகளின் அலமாரியில் உட்கார்ந்துவிட்டது. 1947இல் டோல்கீன் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதி, மாதிரிக்காகப் பதிப்பாளருக்கு அனுப்பினார். அவர்கள் அதைத் திருத்தம் என்றே எடுத்துக்கொண்டார்கள்; அடுத்த பதிப்பின் மெய்ப்பு வந்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. 1951 பதிப்பில் புதிய வடிவம் வந்தது. பழைய வடிவத்தை அவர் அழித்துவிடவுமில்லை. அது, மோதிரத்தைப் பெற்ற கதாநாயகன் பில்போ தன் நண்பர்களிடம் சொன்ன பொய் என்று புதுக் கதைக்குள்ளேயே இடம் கொடுத்தார். நல்லவனான பில்போ ஏன் பொய் சொன்னான்? மோதிரம் அதற்குள்ளாகவே அவனைக் கெடுக்கத் தொடங்கிவிட்டது. கதையின் ஓட்டையே கதைக்கு வலுவாகிவிட்டது.

எல்லோருக்கும் இப்படி ஒரு வழி கிடைத்துவிடாது. ஆகவே உங்கள் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் நிலையைக் குறித்துவையுங்கள்: அச்சாகிவிட்டது, முடிவாகிவிட்டது, யோசனையில் இருக்கிறது. மூன்று வண்ண மை போதும். யோசனையில் இருப்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் அடிக்கலாம். முடிவானதை மாற்றினால், பழையதை அழிக்காமல் ஒரு கோடு போட்டு, மாற்றிய தேதியை எழுதிவையுங்கள். அச்சானதைத் தொடும் முன் பத்து முறை யோசியுங்கள்.

தமிழில் இது கூடுதலாகவே பொருந்தும். நம் பெரிய நாவல்களில் பல தொடர்கதையாக வந்தவை. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். முதல் பாகம் வாசகர் வீட்டில் பைண்டு செய்யப்பட்டு இருக்கும்போது ஐந்தாம் பாகம் இன்னும் எழுதப்படவேயில்லை. இன்று கைபேசிச் செயலிகளில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிடும் உங்களுக்கும் அதே நிலைமைதான். முழு நாவலையும் மேசையில் வைத்துத் திருத்துகிறவருக்கு உள்ள சுதந்திரம் உங்களுக்கு இல்லை. நேற்று வெளியானது அச்சான கணக்கில் சேர்ந்துவிடுகிறது. உங்களுக்குத்தான் இந்த மூன்று வண்ணங்கள் மிக அவசியம்.

கல்கியின் வேலையில் சரித்திர நாவல் எழுதுவோர் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறும் தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரமும் அவருக்கு ஆதாரமாக இருந்தன. ஆதித்த கரிகாலன் கொலையில் தொடர்புடைய ரவிதாசன் முதலானோரின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கின்றன. வல்லவரையர் வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்பதைத் தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது; அதற்கு மேல் அதிகம் சொல்லவில்லை. அந்தச் சிறு செய்தியிலிருந்து தமிழர் மறக்க முடியாத ஒரு கதாநாயகன் பிறந்தான். நந்தினி முழுக்கக் கல்கியின் படைப்பு. கல்லில் வெட்டியது, வரலாற்றாசிரியர் ஊகித்தது, நாவலாசிரியர் புனைந்தது என்ற மூன்றும் ஒரே பக்கத்தில் ஒரே மையில் கலந்து கிடந்தால், இரண்டு வருடம் கழித்து எது எங்கிருந்து வந்தது என்று எழுதியவருக்கே மறந்துவிடும். கல்வெட்டு என்றால் எந்த ஊர்க் கல்வெட்டு, நூல் என்றால் எந்தப் பதிப்பில் எந்தப் பக்கம் என்பதை அன்றைக்கே குறித்துவிடுங்கள். உங்கள் சொந்தக் கற்பனைக்கும் அப்படி ஓர் அடையாளம் இடுங்கள். உங்கள் புனைவை நீங்களே வரலாறு என்று நம்பிவிடும் அபாயம் உண்மையில் இருக்கிறது.

அடுத்து, காலம். கற்பனை உலகம் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

1944 மே மாதத்தில் டோல்கீன், தென்னாப்பிரிக்காவில் விமானப் படைப் பயிற்சியில் இருந்த மகன் கிறிஸ்டோபருக்கு ஒரு கடிதம் எழுதினார். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் நிலா நடக்க முடியாத காரியங்களைச் செய்துகொண்டிருந்ததாம்: நாட்டின் ஒரு பகுதியில் எழும் அதே நேரத்தில் இன்னொரு பகுதியில் மறைந்துகொண்டிருந்தது. முந்தைய அத்தியாயங்களைத் திருத்தவே ஒரு பிற்பகல் முழுக்கப் போயிற்று. காரணம் எளிது. கதைமாந்தர் பல குழுக்களாகப் பிரிந்துவிட்டார்கள். ஃப்ரோடோவும் சாமும் கிழக்கே போகிறார்கள், மெர்ரியும் பிப்பினும் காட்டில், அரகார்ன் புல்வெளியில். ஒவ்வொரு குழுவின் கதையும் தனித்தனியே எழுதப்படுகிறது. ஆனால் எல்லோர் தலைக்கு மேலும் இருப்பது ஒரே நிலா. இதற்காக டோல்கீன் நாள்வாரியாகக் கட்டம் போட்ட அட்டவணைகளை வைத்துக்கொண்டார்: ஒரு பக்கம் தேதி, எதிரே ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பத்தி. பிறைகளையும் மனம்போனபடி போடவில்லை. 1941-42ஆம் ஆண்டுகளின் உண்மையான பிறைகளை அடிப்படையாக வைத்துக்கொண்டார். அமெரிக்காவின் மில்வாக்கி நகரிலுள்ள மார்க்கெட் பல்கலைக்கழகம் 1957இல் இந்த நாவலின் கைப்பிரதிகளை விலைக்கு வாங்கியது. அங்கே போகும் ஆய்வாளர்கள் கதையின் வரைவுகளோடு இந்தக் கால அட்டவணைகளையும் பார்க்கிறார்கள்.

ரைடர் ஹாகார்டுக்கு இந்த எச்சரிக்கை கிடைக்கவில்லை. 1885இல் வந்த 'கிங் சாலமன்ஸ் மைன்ஸ்' நாவலில் முழுநிலவு இரவை ஒட்டிப் பகலில் சூரிய கிரகணம் வருகிறது. அமாவாசையன்று மட்டுமே சூரிய கிரகணம் நிகழும் என்பது நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரியும். பிந்தைய பதிப்பில் அவர் அதைச் சந்திர கிரகணமாக மாற்ற வேண்டி வந்தது. ஸ்டீவன்சனும் வேறொரு நாவலில் நிலாவிடம் மாட்டிக்கொண்டவர்தான். எழுதும்போது பக்கத்தில் ஒரு பஞ்சாங்கம் இருக்கட்டும் என்று அதன்பின் மற்றவர்களுக்குச் சொன்னார்.

தமிழ் எழுத்தாளருக்குப் பஞ்சாங்கம் எங்கேயும் தேட வேண்டிய பொருளே அல்ல. ஏதாவது ஒரு பழைய வருடத்துப் பஞ்சாங்கத்தை எடுத்து, உங்கள் கதை நடக்கும் ஆண்டு இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். திதி, நட்சத்திரம், பண்டிகை, சூரிய உதயம் எல்லாம் கணக்கு போட்டு அதில் தயாராக இருக்கிறது. தேய்பிறைத் திரயோதசியன்று இரவில் ஒற்றன் மதில் ஏறினால் அவனுக்கு நிலா வெளிச்சம் கிடைக்காது என்பதை அது சொல்லிவிடும். நாழிகைக் கணக்கில் எழுதுவதானால் ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், ஒரு நாளுக்கு 60 நாழிகை என்பதை முதல் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். 'ஒரு நாழிகை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்' என்று எழுதிவிடாமல் அது காப்பாற்றும். காதத்துக்கு எத்தனை மைல் என்பதில் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். உங்கள் நாவலில் எத்தனை என்பதை நீங்களே முடிவு செய்து, கடைசிவரை மாற்றாதீர்கள். நடந்து போகிறவர், மாட்டுவண்டி, குதிரை, படகு ஆகிய நான்கும் ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகும் என்ற நான்கு வரிக் கணக்கு அதன் கீழேயே இருக்கட்டும்.

கால அட்டவணையை மட்டும் நோட்டுக்குள் வைக்க வேண்டாம். கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள். வில்லியம் ஃபாக்னர் 1954இல் வெளியான 'எ ஃபேபிள்' நாவலின் ஒரு வாரக் கதையோட்டத்தை நாள்வாரியாகப் பிரித்து, மிசிசிப்பி மாநிலம் ஆக்ஸ்ஃபோர்ட் ஊரில் இருந்த தன் வீட்டு எழுத்தறைச் சுவரிலேயே எழுதினார். அது இன்றும் அங்கே இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் சார்ட் பேப்பரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

மற்றக் குறிப்புகளை எப்படி அடுக்குவது? பலரும் கலைக்களஞ்சியம் போல அடுக்கத் தொடங்குகிறார்கள். அரசியல் ஒரு கோப்பு, மதம் ஒரு கோப்பு, உணவு ஒரு கோப்பு. சேகரிக்கும்போது இது வசதி. எழுதும்போது இதனால் பெரிய பயன் இல்லை. ஒரு கல்யாணக் காட்சியை எழுத உட்கார்ந்தால், சமைப்பது, பாடுவது, யார் முன்வரிசையில் உட்காருவது, சீர் எவ்வளவு என்று ஏழு கோப்புகளைத் திறக்க வேண்டியிருக்கும். ஏழாவதைத் திறக்கும்போது எழுதும் வேகம் போய்விடும்.

எமில் ஜோலா இதற்கு ஒரு முறை கண்டுபிடித்தார். 1871 முதல் 1893 வரை இருபது நாவல்களில் ஒரே குடும்பத்தின் ஐந்து தலைமுறைக் கதையை எழுதியவர் அவர். ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு தனிக் கோப்பு உண்டு. பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகம் அவற்றைப் பாதுகாக்கிறது. முதலில் கதை எதைப் பற்றியது என்று தனக்குத்தானே பேசிக்கொள்வது போன்ற ஒரு முன்வரைவு. பிறகு ஒவ்வொரு கதைமாந்தருக்கும் ஒரு தாள். பிறகு ஆய்வுக் குறிப்புகள். 'ஜெர்மினல்' எழுதுவதற்காக 1884 பிப்ரவரியில் அன்சான் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குப் போய்த் தொழிலாளர்களைப் பார்த்தார், சுரங்கத்துக்குள் இறங்கினார். 'லா பெத் யூமேன்' நாவலுக்காக ரயில் எஞ்சினில் ஏறிப் பயணம் செய்தார். திரும்பி வந்து அத்தியாயத் திட்டம் போடும்போதுதான் அவருடைய தனித்திறமை தெரியும். சுரங்கத்தில் எழுதிய குறிப்புகளைப் பிரித்து, எது எந்த அத்தியாயத்துக்கு என்று பங்கிட்டுவிடுவார். விளக்கின் வகை இந்த அத்தியாயத்துக்கு, கூலிக் கணக்கு அந்த அத்தியாயத்துக்கு. எழுத உட்காரும்போது அன்றைய அத்தியாயத்தின் தாளைப் பார்த்தால் போதும். பொருள்வாரியாகச் சேர்த்தது காட்சிவாரியாக மாறிவிடுகிறது.

சேகரிக்கும்போது எந்தத் தலைப்புகளில் சேகரிப்பது என்ற கேள்விக்கு நம்மிடமே பழைய விடை ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் கிடைக்கும் கையேடுகளைப் பார்த்து நூறு கேள்விப் பட்டியலை நிரப்பும் முன், தொல்காப்பியத்தின் அகத்திணையியலை ஒருமுறை புரட்டுங்கள். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் பிறப்பவை கருப்பொருள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். பின்னால் வந்த நம்பியகப்பொருள் இதைப் பதினான்காக விரித்து ஊர், நீர், பூ, பண் போன்றவற்றையும் சேர்த்தது. எதைத் தின்கிறார்கள், எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள், எந்தப் பறை கேட்டால் ஓடுகிறார்கள், என்ன வேலை செய்து பிழைக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்தால் ஓர் ஊர் எழுந்து நின்றுவிடும். ஒரு நிலத்தின் பூவும் பறவையும் இன்னொரு நிலத்தில் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் தொல்காப்பியர் இடம் கொடுத்திருக்கிறார்: வந்த நிலத்துக்கு உரியதாகவே அதைக் கொள்ளலாம். வணிகமும் இடப்பெயர்வும் உள்ள எந்தக் கற்பனை உலகுக்கும் இந்த நெகிழ்வு தேவைப்படும்.

மூன்றாவதாக வருவது உரிப்பொருள்: கூடலும் பிரிவும் காத்திருப்பும் இரங்கலும் ஊடலும். பாட்டில் இந்த மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்தவை என்று தொல்காப்பியர் வரிசைப்படுத்துகிறார். நிலத்தைவிடக் கருப்பொருள், கருப்பொருளைவிட உரிப்பொருள். உங்கள் நோட்டில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். நாற்பது பக்கம் ஆறுகளும் அரசர்களும். யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதற்கு அரைப் பக்கம்கூட இல்லை என்றால் நாவல் மூன்றாம் அத்தியாயத்தில் நிற்பதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

தமிழில் எழுதுவோருக்கே உரிய இரண்டு குறிப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்ற அட்டவணை. மேலே பத்துப் பெயர், பக்கவாட்டில் அதே பத்துப் பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் அழைக்கும் சொல்லும், நீ, நீர், நீங்கள் என்பதில் எது என்பதும். தளபதி ராணியைத் தனிமையில் எப்படிக் கூப்பிடுகிறான், சபையில் எப்படி? மாமன் மகனை அவள் அத்தான் என்பாளா, பெயர் சொல்வாளா? எட்டாம் அத்தியாயத்தில் 'நீங்கள்' என்றவள் பதினைந்தாம் அத்தியாயத்தில் எந்தக் காரணமும் இல்லாமல் 'நீ' என்றால் வாசகர் அதற்குள் ஒரு காதலையோ பகையையோ தேடுவார். வேண்டுமென்றே மாற்றினால் அதைவிட வலுவான திருப்பம் வேறில்லை. ஆகவே மாறும் அத்தியாயத்தின் எண்ணையும் அந்தக் கட்டத்திலேயே குறித்துவிடுங்கள்.

இரண்டாவது, பெயர்களைத் தேடுவது. கணினியில் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புகிறார்கள். தமிழில் பெயர் வேற்றுமை ஏற்கும்போது உருமாறும். 'கருங்குன்றம்' என்ற உங்கள் ஊர் கதைக்குள் கருங்குன்றத்தில், கருங்குன்றத்துக்கு என்று வரும்; 'மேலாறு' மேலாற்றங்கரை ஆகும். முழுப்பெயரைத் தேடினால் பாதி இடங்கள் அகப்படாது. பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மாறாத முன்பகுதியை எழுதி, அதைக் கொண்டு தேடுங்கள்: 'கருங்குன்ற', 'மேலா'. றகர ரகரம், ணகர னகரம், ஒற்று மிகுமா மிகாதா என்பதும் அங்கேயே முடிவாகிவிட வேண்டும்.

எந்த மென்பொருள் நல்லது என்று பலரும் கேட்கிறார்கள். பிராண்டன் சாண்டர்சன் தன் உலகங்களுக்குத் தன் கணினிக்குள் ஒரு விக்கி வைத்திருக்கிறார். முரண்களைப் பார்த்துச் சொல்வதற்கென்றே ஒரு தொடர்ச்சி ஆசிரியரும் உண்டு. அகதா கிறிஸ்டி விட்டுச் சென்ற 73 நோட்டுகளில் பெரும்பாலும் தேதி கிடையாது, வரிசை கிடையாது. ஒரே நோட்டில் பல நாவல்கள் கலந்து கிடக்கும், நடுவே வீட்டுக் கணக்கு வரும். அவருடைய கதைகள் நடப்பது வாசகருக்குத் தெரிந்த உலகில், ஒவ்வொன்றும் தனிக்கதை என்பதால் அந்தக் குழப்பம் அவருக்குச் சரியாக இருந்தது. நீங்கள் புது உலகம் ஒன்றை மூன்று பாகமாக எழுதுகிறீர்கள் என்றால் கிறிஸ்டியின் வழி ஒத்துவராது. மற்றபடி காகிதமோ கணினியோ, கை எதற்குப் பழகியதோ அது போதும். ஒரு காரியத்தை மட்டும் தவறாமல் செய்யுங்கள். கையால் எழுதியதைப் படம் பிடித்து வேறிடத்தில் வையுங்கள். கணினியில் இருப்பதைத் தாளில் எடுத்து வையுங்கள். ஸ்டீவன்சனிடம் இருந்தது ஒரே ஒரு படம்.

எங்கே நிறுத்துவது என்ற கேள்வி கடினமானது. டோல்கீனே அதற்குச் சாட்சி. முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய 'சில்மரில்லியன்' கதைகளை அவர் 1973இல் இறக்கும்வரை திருத்திக்கொண்டிருந்தார், முடிக்கவில்லை. மகன் கிறிஸ்டோபர் 1977இல் அதைத் தொகுத்து வெளியிட்டார். பிறகு 1983 முதல் 1996 வரை, அப்பாவின் வரைவுகளை ஒழுங்குபடுத்திப் பன்னிரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். அந்தத் தொகுதிகள் பெரிய கொடை. ஆனாலும் அப்படிப்பட்ட ஒரு மகன் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. டோல்கீனிடமே, கதை முன்னேறிய நாட்களில் குறிப்பு கதைக்குப் பின்னால்தான் ஓடியது. நிலா தப்பியது, திருத்தினார், மேலே போனார். அர்சுலா லெ க்வின்னின் வழி இன்னும் லேசானது. 1968இல் வந்த 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ'க்கு முதலில் ஒரு தீவுக்கூட்டத்தின் படத்தை வரைந்தார். பிறகு தன்னைப் பொறியாளராகக் கருதாமல் அந்தக் கடலில் புதிய கரைகளைத் தேடிப் போகிறவராகவே கருதினார். படத்தில் பெயர் மட்டும் இருந்த தீவுகளைக் கதை அங்கே போய்ச் சேர்ந்தபோதுதான் அறிந்துகொண்டார். படம், பெயர்ப் பட்டியல், முதல் சில அத்தியாயங்களுக்கான காலக்கணக்கு, யார் யாருக்காக ஏங்குகிறார்கள் என்பது. இவ்வளவு இருந்தால் நான்காம் அத்தியாயத்தை எழுதலாம். ஐந்தாம் தலைமுறைக்கு முந்திய அரசனின் பட்டப்பெயர் தேவைப்படும் நாளில் வந்துகொள்ளும்.

கடைசியாக ஒன்று. உங்கள் குறிப்புகளை இன்னொருவர் படிக்கும் நாள் வரும். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தன் நாவல்களில் ஒரு குதிரை பாகத்துக்குப் பாகம் ஆணாகவும் பெண்ணாகவும் மாறியதை வெளிப்படையாகச் சொன்னவர். தன் உலகத்தைத் தன்னைவிட நன்றாக நினைவில் வைத்திருக்கும் வாசகர்களான எலியோ கார்சியா, லிண்டா ஆன்டன்சன் இருவரிடமும் விவரம் கேட்டுச் சரிபார்ப்பார். 2014இல் அவர்களோடு சேர்ந்தே அந்த உலகத்தின் வரலாற்று நூலை வெளியிட்டார். டோல்கீன் உலகுக்குச் சுவர் வரைபடம் வரைய 1969இல் பாலின் பெய்ன்ஸ் என்ற ஓவியர் முற்பட்டபோது, டோல்கீன் அச்சான வரைபடத்தின் மேலேயே பச்சை மையிலும் பென்சிலிலும் அவருக்குக் குறிப்புகள் எழுதிக்கொடுத்தார். கதையில் வரும் ஹாபிட்டன் என்ற ஊர் ஆக்ஸ்ஃபோர்டின் அட்சரேகையில் இருக்கிறது. மினாஸ் திரித் நகரம் இத்தாலியின் ராவென்னா அளவில். தெற்கே வெறுமையாக இருக்கும் ஹாரத் பகுதியில் யானையும் ஒட்டகமும் வரையலாம். ஓவியருக்கு எந்த வெயில், எந்த மரம், எந்த விலங்கு என்று சொல்ல அந்தச் சில வரிகளே போதுமானவையாக இருந்தன. அந்தத் தாள் பெய்ன்ஸின் புத்தகத்துக்குள் கிடந்து 2015இல் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகம் அதை வாங்கியது.

உங்கள் நாவல் பதிப்பகத்துக்குப் போகும்போது கைப்பிரதியோடு நான்கு தாள்களை வைத்து அனுப்புங்கள்: பெயர்ப் பட்டியல், கால அட்டவணை, அழைப்புமுறை அட்டவணை, வரைபடம். மெய்ப்புப் பார்ப்பவர் நீங்கள் படைத்த ஊர்ப்பெயரை வாழ்க்கையில் முதன்முறையாக அப்போதுதான் பார்க்கப்போகிறார். அது 'கருங்குன்ற'மா 'கருக்குன்ற'மா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அட்டைப்படம் வரைபவர் உங்கள் ராணியின் தலையில் எந்தப் பூவை வைப்பது என்று கேட்பார். பதிப்பகத்தில் இருப்பவர்கள் ஏதாவது ஒன்றைச் சொல்வதற்கு முன் உங்கள் தாள் சொல்லட்டும். வரைபடத்தில் மட்டும் மூலத்தை உங்களிடம் வைத்துக்கொண்டு நகலை அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் நாவல்களுக்காகக் காத்திருக்கும் ஒரு வாசகர்